மௌரிய யானைகள் முதல் 2023 நிலநடுக்கம் வரை: துருக்கியின் சமன்தாக் கடற்கரை மாவட்டம் – ஒரு பார்வை

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி இரவு 8 மணியளவில் துருக்கியின் ஹதாய் மாகாணத்தில் நிலம் மீண்டும் அதிர்ந்தது. ரிக்டர் அளவில் 6.4 எனப் பதிவான முதல் அதிர்வு அண்டை மாவட்டமான தெஃப்னேயை மையமாகக் கொண்டிருந்தது. அடுத்த சில நிமிடங்களில் 5.8 அளவில் வந்த இரண்டாவது அதிர்வின் மையம் சமன்தாக். பிப்ரவரி 6-ஆம் தேதி அதிகாலையில் நேர்ந்த 7.8 அளவிலான பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் ஊரைவிட்டுப் போகாமல் தங்கியிருந்த குடும்பங்களில் பல, இந்த இரவுக்குப் பிறகுதான் மூட்டை கட்டின.

உலகச் செய்திகளில் அன்று ஒரு வரியாக வந்துபோன இந்த ஊருக்கு 2,300 ஆண்டுகளுக்கும் மேலான துறைமுக வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் இந்தியாவுக்கும் நேரடிப் பங்கு இருக்கிறது.

பெயரும் இடமும்

மத்தியதரைக் கடலின் வடகிழக்கு மூலையில், சிரியாவின் எல்லைக்குள் கைநீட்டியதுபோல் தெற்கே இறங்கும் துருக்கியின் ஒடுங்கிய நிலப்பகுதி ஹதாய் மாகாணம். அதன் தலைநகர் அந்தாக்கியா. பழைய பெயர் அந்தியோக்கியா. அங்கிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கடலை ஒட்டி அமைந்திருப்பது சமன்தாக். நிலநடுக்கத்துக்கு முன் இதன் மக்கள்தொகை ஏறத்தாழ 1.2 லட்சம்.

சொல் குறித்து ஒரு விளக்கம் இங்கே தேவை. ‘மாவட்டம்’ என்று நாம் மொழிபெயர்க்கும் துருக்கிய நிர்வாகப் பிரிவு, மாகாணத்துக்கு அடுத்த நிலையில் உள்ளது. பரப்பளவிலும் அதிகாரத்திலும் அது நம் நாட்டின் வட்டத்துக்கே நெருக்கமானது. ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தும் துருக்கிய உச்சரிப்பில் ஒலிப்பதில்லை. உள்ளூரார் வாயில் அது ‘சமந்தா’ என்றே நீண்டு ஒலிக்கும். தமிழ் வாசகர்களுக்கு அப்படி எழுதினால் திரைச் செய்தி என்று தோன்றிவிடக்கூடும் என்பதால், எழுத்துவடிவத்தை ஒட்டிச் சமன்தாக் என்றே இக்கட்டுரையில் குறிப்பிடப்படுகிறது. ‘தாக்’ என்பது மலை. ‘சமன்’ என்பது சிமியோன் என்ற துறவியின் பெயர். 6-ஆம் நூற்றாண்டில் இங்குள்ள குன்று ஒன்றின் மேல், தூண் உச்சியில் அமர்ந்து தவமிருந்த இளைய சிமியோனின் மடாலய இடிபாடுகள் இன்றும் அந்தக் குன்றில் உள்ளன. அரபு மொழியில் இவ்வூருக்கு வழங்கிய பெயர் சுவைதியா. முதியோர் பலர் இன்றும் அந்தப் பெயரையே சொல்கின்றனர்.

வடக்கே மூசா மலை, தெற்கே சிரிய எல்லையில் 1,717 மீட்டர் உயர்ந்து நிற்கும் கெல் மலை. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு கடலைத் தேடி வருகிறது. கிரேக்கர் அதனை ஓரான்டெஸ் என்றனர். அரபியிலும் துருக்கியிலும் அதன் பெயர் ஆசி. ‘அடங்காதவன்’ என்பது பொருள். சுற்றுவட்டாரத்து ஆறுகள் பலவும் தெற்கு நோக்கி ஓட, லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் பிறக்கும் இது மட்டும் வடக்கு நோக்கிச் சென்று, சிரியாவைக் கடந்து, அந்தாக்கியாவுக்கு அருகே தென்மேற்காகத் திரும்பிச் சமன்தாக்கில் கடலில் கலக்கிறது. மூன்று நாடுகளின் வண்டலையும், அண்மைக் காலமாக மூன்று நாடுகளின் கழிவையும் சுமந்து வரும் ஆறு இது. இந்த வண்டலே இவ்வூரின் தோட்டங்களுக்கு வளம் தந்தது. இதன் துறைமுகத்தைத் தூர்த்ததும் அதே வண்டல்தான்.

கெல் மலை பண்டைய உலகில் கடவுளரின் இருப்பிடம். ஹிட்டைட்டு மக்கள் அதனை ஹஸ்ஸி என்றனர். உகாரித் நகரத்தார் புயற்கடவுளான பாகாலின் வீடு என்றனர். கிரேக்கர் அங்கே ஜியஸை வழிபட்டனர். கடலிலிருந்து ஒரே மூச்சில் எழும் அதன் உருவத்தையும், உச்சியில் திரண்டு இடிக்கும் மேகங்களையும் பார்த்தவர்கள் இந்த நம்பிக்கையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பர்.

ஐநூறு யானைகள்

கி.மு. 303-ஆம் ஆண்டு வாக்கில் சந்திரகுப்த மௌரியருக்கும், மகா அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான செலூக்கஸ் நிகேட்டருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. சிந்து நதியை ஒட்டிய பெரும் நிலப்பகுதிகளைச் செலூக்கஸ் விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு 500 போர் யானைகளைப் பெற்றார். நம் பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்று, மெகஸ்தனீஸ் பாடலிபுத்திரத்துக்கு வந்த செய்திக்குத் தாவிவிடுகின்றன. அந்த யானைகள் மேற்கே போய் என்ன செய்தன என்பது அதற்குப் பிந்தைய கதை.

கி.மு. 301-இல் இன்றைய துருக்கியின் உட்பகுதியில் உள்ள இப்சஸ் என்ற இடத்தில் அலெக்சாந்தரின் வாரிசுகள் மோதிக்கொண்டனர். செலூக்கஸ் அணியில் 400-க்கும் குறையாத யானைகள் நின்றதாகக் கிரேக்க, ரோமானிய கால ஆசிரியர்கள் எழுதுகின்றனர். எதிரணியின் குதிரைப்படை தன் காலாட்படையிடம் திரும்பி வரமுடியாதபடி அந்த யானைகள் வழியை மறித்தன. வெற்றி பெற்ற செலூக்கஸுக்கு வட சிரியா கிடைத்தது. மறு ஆண்டே, கி.மு. 300-இல், தமது பெயரில் ஒரு துறைமுக நகரை ஆற்றுமுகத்துக்கு வடக்கே, மூசா மலையின் அடிவாரத்தில் நிறுவினார். அதுவே செலூக்கியா பியேரியா. அடுத்த சில வாரங்களில் உள்நாட்டில் அந்தியோக்கியா எழுந்தது. யானைகளுக்கு அதே ஆற்றின் மேற்புறத்தில் அபாமியா நகரில் லாயம் அமைந்தது.

மௌரியர்களுடனான உறவு அதோடு முடியவில்லை. சந்திரகுப்தரின் மகன் பிந்துசாரர், செலூக்கஸின் மகன் முதலாம் ஆண்டியோக்கஸிடம் இனிப்பு மதுவும், உலர்ந்த அத்திப்பழமும், ஒரு தத்துவ ஆசிரியரும் வேண்டும் என்று கேட்டதாகவும், அத்தியும் மதுவும் அனுப்புகிறோம், தத்துவ ஆசிரியரை விற்பது எங்கள் வழக்கத்தில் இல்லை என்று பதில் வந்ததாகவும் ஒரு குறிப்பு உள்ளது. அசோகரின் 13-ஆம் பெரும்பாறைக் கல்வெட்டில் ‘அந்தியோக’ என்று பெயர் சுட்டப்படும் யவன அரசர், செலூக்கஸின் பேரன் இரண்டாம் ஆண்டியோக்கஸ் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

செலூக்கஸ் கி.மு. 281-இல் கொலையுண்டபோது அவரது அஸ்தி இந்தத் துறைமுக நகருக்கே கொண்டுவரப்பட்டது. மகன் அதன்மேல் கோயில் எழுப்பினார். அது நின்ற இடம் எதுவென்று இன்றுவரை உறுதியாகவில்லை.

தூர்ந்துகொண்டே இருந்த துறைமுகம்

செலூக்கியாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான வருணனை வரலாற்றாசிரியர் பாலிபியஸுடையது. மேல் நகரம் செங்குத்தான பாறையின் மீது. கீழே சமதளத்தில் சந்தையும் மதில் சூழ்ந்த புறநகரும். கடற்புறமிருந்து மேலே ஏற, பாறையில் படிக்கட்டுப்போல் வெட்டிய ஒரே வளைவு வழி. சுதந்திரக் குடிமக்கள் ஏறத்தாழ 6,000 பேர். எகிப்தின் மூன்றாம் டாலமி கி.மு. 246-இல் நகரைக் கைப்பற்றினார், கி.மு. 219-இல் மூன்றாம் ஆண்டியோக்கஸ் மீட்டார். பின்னர் அது ரோமானியரிடம் சென்று, கிழக்கு மத்தியதரைக் கடலில் அவர்களது கடற்படைத் தளங்களில் ஒன்றானது. புனித பவுலும் பர்னபாவும் தங்கள் முதல் பயணத்தில் சைப்ரஸ் தீவுக்குக் கப்பலேறியது இங்கிருந்துதான். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குச் செலூக்கியா என்ற பெயர் அறிமுகமானதே.

துறைமுகத்தின் உள்வாய் மனிதர்கள் வெட்டியது. கால்வாய் வழியாகக் கடலோடு இணைந்தது. அதற்குப் பகை கடலில் இல்லை, மலையில் இருந்தது. மூசா மலையிலிருந்து மழைக்காலத்தில் பாய்ந்து வந்த காட்டாற்று வெள்ளம் கல்லையும் மண்ணையும் நேராகத் துறைமுகத்துக்குள் கொட்டியது. கி.பி. 70-களில் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் இதற்குத் தீர்வு காணும் பணி தொடங்கியது. வெள்ளத்தை நகரத்துக்கு மேலேயே அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்து வேறு வழியே கடலுக்குத் திருப்பிவிடுவது என்பதே திட்டம்.

இன்று ‘தீத்தஸ் சுரங்கம்’ எனப்படும் இந்தக் கால்வாயின் மொத்த நீளம் சுமார் 1,380 மீட்டர். சில பகுதிகளில் தலைக்கு மேல் பாறை மூடிய சுரங்கம். மற்றவற்றில் வானம் தெரியும் ஆழமான வெட்டு. ஏறத்தாழ 7 மீட்டர் உயரம், 6 மீட்டர் அகலம். வெடிமருந்து இல்லாத காலம். சுத்தியலும் உளியும் மட்டுமே கருவி. படைவீரர்களும் கைதிகளும் வெட்டினர். வெஸ்பாசியன், அவர் மகன் தீத்தஸ் ஆகியோரின் பெயர்கள் நுழைவாயில் பாறையில் இன்னும் படிக்கும்படி உள்ளன. பணி நிறைவுற்றது 2-ஆம் நூற்றாண்டில், அன்டோனினஸ் பயஸ் காலத்தில். தொடங்கியவரும் முடித்தவரும் மூன்று தலைமுறை தள்ளியவர்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் 2014-இல் இது சேர்க்கப்பட்டது. சுரங்கத்துக்கு அருகில் பாறையைக் குடைந்து அமைத்த கல்லறைகளில் பெரியது, தொட்டில் வடிவக் கல்லறைகளால் ‘தொட்டில் குகை’ எனப் பெயர் பெற்றது.

சுரங்கம் தன் வேலையைச் செய்தது. துறைமுகத்தைக் காப்பாற்ற அது போதவில்லை. 526-ஆம் ஆண்டு மே மாதம் அந்தியோக்கியாவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் செலூக்கியாவையும் சேர்த்தே இடித்தது. பலியானோர் 2.5 லட்சம் என்று அக்கால வரலாற்றாசிரியர் மலாலஸ் எழுதுகிறார். அந்த எண்ணிக்கையைப் பழங்காலத்துக்கே உரிய மிகை என ஒதுக்கினாலும் அழிவின் அளவு புரியும். 6-ஆம் நூற்றாண்டின் அதிர்வுகளில் கரையே மேலெழுந்தது. அலை அரித்த பழைய கோடுகள் இன்று கடல்மட்டத்துக்கு மேலே பாறைகளில் தழும்புபோல் தெரிவதைப் புவியியலாளர்கள் அளந்துள்ளனர். நிலம் உயர்ந்தால் துறைமுகத்தின் ஆழம் குறையும். 540-இல் பாரசீகப் பேரரசர் முதலாம் குஸ்ரோ அந்தியோக்கியாவைச் சூறையாடிவிட்டுச் செலூக்கியாவுக்கு வந்து கடலில் நீராடிச் சூரியனுக்குப் பலியிட்டார் என்கிறார் புரோகோப்பியஸ். அதற்குப் பின் அந்நகரம் வரலாற்றில் அதிகம் பேசப்படவில்லை. அன்று கப்பல்கள் நின்ற உள்துறைமுகம் இன்று கடலிலிருந்து விலகி, செவ்லிக் கிராமத்தின் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் அடியில் கிடக்கிறது.

ஒரு துறைமுகம் மூடினால் அருகில் மற்றொன்று திறப்பது இக்கரையின் வழக்கம். செலூக்கியாவுக்கு முன்னரே ஆற்றுமுகத்தில் அல்மினா என்ற வணிகக் குடியிருப்பு இருந்தது. ஊர் நகரத்தை அகழ்ந்து புகழ்பெற்ற லியோனார்டு வூலி 1936-இல் அதனைத் தோண்டியபோது, கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கிரேக்கர்கள் கிழக்கத்திய மக்களோடு வணிகம் செய்து பழகிய ஆரம்ப இடங்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது. செலூக்கியா எழுந்த காலத்தோடு அதன் முதல் வாழ்வு முடிந்தது. இடைக்காலத்தில் அதே ஆற்றுமுகம் ‘புனித சிமியோன் துறைமுகம்’ என்ற பெயரில் மீண்டும் உயிர்த்தது. 1097–98-இல் அந்தியோக்கியாவை முற்றுகையிட்ட சிலுவைப் போர்ப் படைகள் பட்டினியால் வாடியபோது உணவும் மரமும் வந்திறங்கிய வாசல் இது. பச்சை, பழுப்பு வண்ணங்களில் மெருகிட்டுக் கீறல் ஓவியம் தீட்டிய 13-ஆம் நூற்றாண்டு மட்பாண்ட வகைக்கு இன்றும் அருங்காட்சியகங்களில் இத்துறைமுகத்தின் பெயரே வழங்குகிறது. 1268-இல் மம்லூக் சுல்தான் பைபர்ஸின் படையெடுப்போடு அதுவும் ஓய்ந்தது.

மூசா மலையின் ஆறு கிராமங்கள்

மூசா மலைச் சரிவில் ஆறு ஆர்மீனியக் கிராமங்கள் இருந்தன. பட்டுப்புழு வளர்ப்பும் மரச்சீப்பு செதுக்குவதும் அவர்களது தொழில். 1915-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், ஒட்டோமான் அரசு மற்ற ஆர்மீனியர்களுக்கு விதித்ததைப் போலவே இவர்களுக்கும் ஊரைவிட்டு வெளியேறும்படி ஆணையிட்டது. பெரும்பாலோர் கீழ்ப்படியவில்லை. ஆடுமாடுகளோடு மலையேறி, அரண் அமைத்து, செப்டம்பர் வரை தாக்குப்பிடித்தனர். கடலை நோக்கித் தொங்கவிட்ட பெரிய துணிக்கொடியைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று கண்டது. 4,000-க்கும் மேற்பட்டோர் கப்பல்களில் ஏற்றப்பட்டு எகிப்தின் போர்ட் சையதுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அக்காலத்து ஆர்மீனியர்களின் கதைகளில் இத்தகைய முடிவு அரிது. ஆஸ்திரிய எழுத்தாளர் ஃபிரான்ஸ் வெர்ஃபெல் இதனை அடிப்படையாகக் கொண்டு ஜெர்மன் மொழியில் எழுதிய ‘மூசா மலையின் நாற்பது நாட்கள்’ என்ற நாவல் 1933-இல் வெளிவந்தது.

முதல் உலகப்போருக்குப் பின் இப்பகுதி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் வந்தது, மக்கள் திரும்பினர். 1938 செப்டம்பரில் ஹதாய் தனிக் குடியரசாக அறிவிக்கப்பட்டு, ஓராண்டுக்குள் துருக்கியுடன் இணைந்தது. அந்த 1939-இல் ஆறில் ஐந்து கிராமத்தார் மீண்டும் புறப்பட்டு லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் உள்ள அஞ்சார் என்ற இடத்தில் குடியேறினர். தங்கள் ஊர் ஆறு பிறக்கும் பள்ளத்தாக்கிலேயே அவர்கள் போய்ச் சேர்ந்தது தற்செயல். போகாமல் நின்றது வக்கிஃப்லி என்ற ஒரே கிராமம். இன்றைய துருக்கியில் எஞ்சியுள்ள ஒரே ஆர்மீனியக் கிராமம் என்று அது அறியப்படுகிறது. நிலநடுக்கத்துக்கு முன் அங்கே நிரந்தரமாக வசித்தோர் 150-ஐத் தாண்டவில்லை. இயற்கை முறையில் விளைந்த ஆரஞ்சும், பெண்களின் கூட்டுறவு அமைப்பு தயாரிக்கும் பழப்பாகும் அவர்களது வருமானம்.

இரு சமயத்தார், ஒரே கொப்பரை

மாவட்டத்தின் பெரும்பான்மையினர் அரபு மொழி பேசும் அலவி சமூகத்தினர். இவர்களோடு அந்தியோக்கிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்த அரபுக் கிறிஸ்தவர்கள், சுன்னி முஸ்லிம்கள், துருக்மேனியர், ஆர்மீனியர் என்று பலரும் வாழ்கின்றனர். எல்லைக்கு அப்பால் சிரியக் கடற்கரையில் வாழும் அலவிகளோடு இங்குள்ள பல குடும்பங்களுக்கு மண உறவு உண்டு. 2025 மார்ச்சில் அங்கு அலவிகள் மீது வன்முறை வெடித்தபோது சமன்தாக்கில் பதற்றம் நிலவியதற்குக் காரணம் அதுவே. பள்ளியில் பயிற்றுமொழி துருக்கி. பாட்டி அரபியில் கேட்கப் பேரன் துருக்கியில் பதில் சொல்லும் வீடுகள் இங்கு மிகுதி. இரண்டு தலைமுறைக்குப் பின் அந்தக் கேள்வியும் துருக்கியிலேயே வரக்கூடும் என்ற கவலை மொழியியலாளர்களிடம் உள்ளது.

கடற்கரைச் சாலையின் நடுவே வெண்ணிறக் குவிமாடத்தோடு நிற்கிறது ஹிசிர் திருத்தலம். தமிழ் முஸ்லிம்கள் ஹிள்ரு நபி எனப் போற்றும் அதே பெரியவர்தான். அவரும் மூசா நபியும் சந்தித்த இடம் இந்தக் கரையே என்பது உள்ளூர் நம்பிக்கை. கார், லாரி, இருசக்கர வாகனம் எதில் வந்தாலும் திருத்தலத்தை மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் போகிறார்கள். மணமக்கள் ஊர்வலமும் அப்படியே. உள்ளே சாம்பிராணிப் புகை. மலையடிவாரத்து ஹிதிர்பே கிராமத்தில் உள்ள மாபெரும் பிளேன் மரம், மூசா நபி ஊன்றிய கைத்தடி துளிர்த்து வளர்ந்தது என்று சொல்லப்படுகிறது. அந்த ஹிதிர்பே, 1939-இல் காலியான ஐந்து ஆர்மீனியக் கிராமங்களில் ஒன்று.

ஜூலை 14 இங்கே பெருநாள். ‘எவ்வெல் தெம்மூஸ்’, அதாவது ஜூலை முதல் நாள் என்பது அதன் பெயர். பதின்மூன்று நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி அன்றுதான் மாதப்பிறப்பு. நாட்காட்டி மாறினாலும் விழா தன் நாளை மாற்றிக்கொள்ளவில்லை.

விழா எதுவாயினும் அடுப்பில் ஏறுவது ‘ஹிரிசி’. கோதுமையையும் இறைச்சியையும் பெரிய கொப்பரையில் இரவெல்லாம் வேகவைத்து, மரத்துடுப்பால் மசித்து, வந்தவர் எல்லோருக்கும் வழங்குவர். அலவிகள் கதீர் பெருநாளில் சமைக்கும் இதே உணவை, வக்கிஃப்லி ஆர்மீனியர்கள் ஆகஸ்ட் நடுவில் வரும் திராட்சை ஆசீர்வாத விழாவுக்குச் சமைக்கின்றனர். ரமலான் மாதத்தில் ஹைதராபாதில் வரிசையில் நின்று ஹலீம் வாங்குவோர் உண்பது இதன் நெருங்கிய உறவையே; அரேபியர் வழியாக வந்த ஹரீஸிலிருந்து கிளைத்ததே அந்த உணவும். சமன்தாக்கின் காரமான மிளகாய் துருக்கி முழுவதும் பெயர்பெற்றது. காரம் தாங்காத இஸ்தான்புல் வாசிகள் குறித்த கேலியும் இங்குப் பிரபலம்.

பிழைப்பு

ஆரஞ்சு, மாண்டரின், எலுமிச்சை ஆகியவற்றோடு பசுமைக்குடில் காய்கறிகளும் வோக்கோசு முதலான கீரைகளும் மாவட்டத்தின் முதன்மை விளைபொருள்கள். 19-ஆம் நூற்றாண்டில் செழித்த பட்டுத்தொழில் இன்று சில தறிகளோடு நிற்கிறது. மலைமுகடுகளில் காற்றாலைகள் சுழல்கின்றன. இரு மலைகளுக்கிடையே ஆற்றின் வழியே ஓயாமல் வீசும் காற்று அதற்கு உதவுகிறது.

கணக்கில் எளிதாகத் தெரியாத வருமானம் ஒன்று உண்டு. தாய்மொழி அரபு என்பதால், சவூதி அரேபியா உள்ளிட்ட வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வது பல பத்தாண்டுகளாக இங்கு வழக்கம். ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வருவதும், அனுப்பிய பணத்தில் ஊரில் மாடி வீடு எழுவதும் நம் நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டாத காட்சிகள். 2023-இல் இடிந்தவற்றில் அப்படி எழுந்த வீடுகளும் இருந்தன.

மீன்பிடித் தொழிலில் புதிய சிக்கல் சூயஸ் கால்வாய் வழியே வந்தது. கடல்நீர் வெப்பம் கூடக்கூட, செங்கடலையும் இந்தியப் பெருங்கடலையும் சேர்ந்த மீன்கள் கிழக்கு மத்தியதரைக் கடலில் குடியேறிவருகின்றன. நம் மீனவர் நன்கறிந்த ஓரா இன மீன்கள் பாறைப்பாசிகளை மேய்ந்து மொட்டையாக்குகின்றன. நஞ்சுள்ள பேத்தை மீன் வலைகளைக் கடித்துக் கிழிக்கிறது. அதனை ஒழிக்க, பிடித்த மீனின் வாலைக் காட்டினால் பணம் தரும் திட்டத்தைத் துருக்கி அரசு 2020-இல் தொடங்கியது.

நிலநடுக்கத்துக்குப் பின்

2023 பிப்ரவரி நிலநடுக்கங்களில் துருக்கியில் மட்டும் 53,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாகாணங்களில் மிக அதிக உயிரிழப்பைச் சந்தித்தது ஹதாய். அரேபிய, அனடோலிய, ஆப்பிரிக்க நிலத்தட்டுகள் உரசும் இடத்துக்கு அருகில் இருப்பதால் இப்பகுதிக்கு அதிர்வு புதிதன்று: 115, 526 ஆண்டுகளில் அந்தியோக்கியா நிலநடுக்கங்கள், 1872 ஏப்ரலில் சுவைதியாவையும் இடித்த நிலநடுக்கம் என்று பட்டியல் நீளும். ஒரு தலைமுறை மறந்த பிறகே அடுத்தது வருகிறது என்பதுதான் சிக்கல்.

இந்தியா ‘ஆபரேஷன் தோஸ்த்’ என்ற பெயரில் தேசியப் பேரிடர் மீட்புப் படைக் குழுக்களை அனுப்பியது. இந்திய ராணுவத்தின் 60-ஆவது பாராசூட் கள மருத்துவமனை, இதே ஹதாய் மாகாணத்தின் இஸ்கெண்டெருன் நகரில் 30 படுக்கைகளுடன் இயங்கி ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை அளித்தது.

சமன்தாக்கில் இடிபாடுகளை அகற்றும் பணி தொடங்கியதும் அடுத்த கேள்வி எழுந்தது. லட்சக்கணக்கான டன் கான்கிரீட்டை எங்கே கொட்டுவது? லாரிகள் கடற்கரையை நோக்கித் திரும்பின. கரையை ஒட்டிய மிலேஹா ஈரநிலம், ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வலசை போகும் பறவைகள் இளைப்பாறும் இடம்; 250-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. அதனை அடுத்த சுமார் 14 கிலோமீட்டர் மணற்கரை, துருக்கியில் பச்சைக் கடலாமைகள் முட்டையிடும் முக்கியக் கரைகளில் ஒன்று. பெருந்தலை ஆமைகளும் வருகின்றன. பழைய கட்டடங்களின் கல்நார்த் தூசு நீரிலும் காற்றிலும் கலக்கும் என மருத்துவர்களும் சூழலியல் அமைப்பினரும் எச்சரித்தனர். கூடாரங்களில் வசித்தபடியே ஊர் மக்கள் லாரிகளை மறித்துப் போராடினர். வீடிழந்தவர்கள் ஆமைக்காகவும் பறவைக்காகவும் தெருவில் நின்றது நாட்டின் மற்ற பகுதியினருக்கு வியப்பளித்தது. உள்ளூராருக்கு அதில் வியப்பில்லை. அந்தத் தூசைச் சுவாசிக்கப் போவதும், அந்த மணலில் வரும் கோடைப் பயணிகளை நம்பி வாழப்போவதும் அவர்களே.

வக்கிஃப்லியில் உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் கல்வீடுகள் பலவும் தேவாலயமும் சேதமடைந்தன. மாவட்டம் முழுவதும் இரும்புப் பெட்டி வீடுகளைக் கொண்ட தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன. அரசின் வீட்டுவசதி நிறுவனம் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது. புதிய வீடுகளுக்கு நிலம் எடுக்கும்போது தோட்டங்கள் போய்விடக்கூடாது என்பது விவசாயிகளின் கோரிக்கை. வேறு நகரங்களுக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்புவர் என்பது பள்ளியும் மருத்துவமனையும் எவ்வளவு விரைவாக இயங்குகின்றன என்பதைப் பொறுத்தது என்று ஊரார் சொல்கின்றனர்.

ஆமைகளின் பருவம் மே மாத இறுதியில் தொடங்குகிறது. பெண் ஆமைகள் இரவில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிட்டுத் திரும்புகின்றன. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. விடியும் முன் தன்னார்வலர்கள் கரையில் நடந்து, ஆமையின் தடத்தைப் பின்பற்றி முட்டைக்குழியைக் கண்டறிந்து, நாயும் நரியும் தோண்டாதவாறு அதன்மேல் கம்பிக்கூடு வைத்துத் தேதி எழுதிச் செல்கின்றனர்.